டிரைவர் பிழையும் கேள்விக்குறியாக மாறிய பெயர்களும்: டர்பனில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் அலுவலகத்தில் நடந்தது இது. பழைய கணினி பழுதாகிப் புது மடிக்கணினி வந்தது. டேட்டாபேஸ் சர்வருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பின்னறையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புதுக் கணினியிலிருந்து அதனோடு இணைய முடியவில்லை. டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் என்ற மென்பொருளில் பிழை ஒன்று வந்தது. அதைச் சரிசெய்தால் இன்னொன்று வந்தது. கடைசியில் பிழையே வராத ஒரு நிலை வந்தது. இருப்பதிலேயே மோசமானது அந்த நிலைதான். தமிழில் டேட்டா வைத்திருக்கும் எந்தச் சங்கத்துக்கும், பள்ளிக்கும், கோயிலுக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் டர்பனில் இறங்கினார்கள். அப்போது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம், வந்த கப்பல். எழுதிய எழுத்தருக்குக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முனுசாமி மூன்சாமி ஆனார். ஊர்ப் பெயர்களின் கதி அதைவிட மோசம்.

பதிவேட்டுப் பட்டியல்களின் ஒரு பகுதியைச் சங்கத்தினர் தங்களுக்கென ஒரு டேட்டாபேஸாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிப்பவர்கள், பூர்வீக ஊரைத் தேடுபவர்கள், கொள்ளுத்தாத்தாவின் எண் மட்டும் தெரிந்தவர்கள் என்று பலரும் வந்து கேட்பார்கள். அந்த டேட்டாபேஸில் அரசுப் பதிவேட்டில் இல்லாத ஒரு நெடுவரிசை உண்டு. அந்தந்தக் குடும்பம் தன் முன்னோரின் பெயரையும் ஊரையும் தமிழில் எப்படி எழுதுகிறதோ, அதைக் கேட்டு யூனிகோடு தமிழில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்த கடைசி ஆள் அந்த ஆயாவாகவோ தாத்தாவாகவோ இருந்த குடும்பங்கள் பல. அவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான் ஆதாரம். வேறு எங்கும் அது கிடையாது. இந்த ஆய்வில் எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று கேட்டால், அந்த ஒரு நெடுவரிசையைத்தான்.

தொழில்நுட்ப அமைப்பு எளிமையானது. டேட்டா முழுவதும் பின்னறைக் கணினியில், மைஎஸ்கியூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் சர்வரில். அலுவலக மேசையில் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் கோப்பு ஒன்று. அதில் ஃபார்ம்களும் அறிக்கைகளும் மட்டும். ஆக்செஸில் தெரியும் டேபிள்கள் எல்லாம் ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறை வழியாக இணைக்கப்பட்டவை. பழைய மேசைக் கணினியில் 32 பிட் ஆஃபீஸ் இருந்தது. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பிய ஒரு மாலையில் அது போனது, போனதுதான். நன்கொடையாகக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸ் 11, 64 பிட் மைக்ரோசாஃப்ட் 365. காப்புப் பிரதியிலிருந்து ஆக்செஸ் கோப்பை அதில் போட்டுத் திறந்தார்கள். ஃபார்ம் திறந்தது, பெயரைத் தேடியதும் பிழை.

முதல் செய்தி

ஆக்செஸ் காட்டியது 3151 என்ற பிழை: ஓடிபிசி இணைப்பு தோல்வி. அதில் விவரம் எதுவும் இருக்காது. ஃபார்மை விட்டுவிட்டு ஓடிபிசி நிர்வாகத் திரையிலிருந்தோ, லிங்க்டு டேபிள் மேனேஜரிலிருந்தோ இணைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் உண்மையான செய்தி வெளியே வரும். வந்தது ஐஎம்002: டேட்டா சோர்ஸ் பெயர் கிடைக்கவில்லை, இயல்பு டிரைவரும் குறிப்பிடப்படவில்லை.

இந்தக் குறியீட்டின் முதல் இரண்டு எழுத்துகளே பாதி வேலையை முடித்துவிடும். ஆக்செஸ் நேராக டிரைவரிடம் பேசுவதில்லை. நடுவில் விண்டோஸின் டிரைவர் மேனேஜர் இருக்கிறது. அதுதான் எந்த டிரைவரை எழுப்புவது என்று முடிவு செய்கிறது. ஐஎம் என்று தொடங்கும் பிழைகள் அந்த டிரைவர் மேனேஜர் மட்டத்தில் எழுபவை. ஐஎம்002 வந்தால் கோரிக்கை இந்தக் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை என்று அர்த்தம். வைஃபை, ஃபயர்வால், சர்வர், பாஸ்வேர்டு எதையும் அப்போது தொட வேண்டியதில்லை. சங்கத்தில் முதலில் செய்தது ரவுட்டரை அணைத்துப் போட்டது, அப்புறம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தது. இரண்டுக்கும் இந்தப் பிழையோடு சம்பந்தமே இல்லை.

இரண்டு நிர்வாகத் திரைகள்

அலுவலகத்துக்கு உதவியாக வரும் கல்லூரி மாணவர் ஒருவர் இணையத்தில் தேடி, மைஎஸ்கியூஎல் ஓடிபிசி டிரைவரை இறக்கி நிறுவினார். பழையதில் இருந்தது 32 பிட் என்பதால் இதிலும் 32 பிட்டையே தேர்ந்தெடுத்தார். பழைய பெயரிலேயே ஒரு யூசர் டிஎஸ்என் உருவாக்கினார். டிஎஸ்என் என்றால் டேட்டா சோர்ஸ் பெயர், எந்த டிரைவர் வழியாக எந்த சர்வருக்குப் போவது என்ற குறிப்பு; யூசர் என்றால் அந்தப் பயனருக்கு மட்டும், சிஸ்டம் என்றால் கணினி முழுவதற்கும். இப்போது செய்தி மாறி ஐஎம்014 வந்தது: டிரைவரின் கட்டமைப்பும் செயலியின் கட்டமைப்பும் பொருந்தவில்லை.

ஆக்செஸ் 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் 64 பிட்டா என்பது இங்கே கேள்வியே இல்லை. சர்வர் எத்தனை பிட் என்பதும் இல்லை. டிரைவர் என்பது ஆக்செஸின் உள்ளேயே ஏற்றப்படும் ஒரு டிஎல்எல் கோப்பு. 64 பிட் செயலிக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறாது. ஆக்செஸில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் என்று போனால் முதல் வரியிலேயே எத்தனை பிட் என்று எழுதியிருக்கும். டிரைவரை இறக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இதில் பலரும் தடுமாறுவது பெயரால். ஓடிபிசி நிர்வாகத் திரை விண்டோஸில் இரண்டு இருக்கிறது, இரண்டின் கோப்புப் பெயரும் ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கானது. சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பது 32 பிட்டுக்கானது. பெயரில் உள்ள எண்ணை நம்பினால் தலைகீழாகப் போய்விடும். ஸ்டார்ட் மெனுவில் தேடினால் 32 பிட், 64 பிட் என்று தெளிவாகப் போட்டிருக்கும். அந்த வழியே நல்லது.

சிஸ்டம் டிஎஸ்என்கள் இரண்டு திரைகளிலும் தனித்தனி. 32 பிட் திரையில் செய்த சிஸ்டம் டிஎஸ்என்னை 64 பிட் ஆக்செஸ் பார்க்கவே பார்க்காது; ஐஎம்002 தான் வரும். யூசர் டிஎஸ்என் அப்படியல்ல, இரண்டு பக்கமும் தெரியும். அதனால்தான் மாணவருக்கு ஐஎம்014 வந்தது. ஆக்செஸுக்கு டிஎஸ்என் கண்ணில் பட்டது, அது சுட்டிய டிரைவர்தான் வேறு இனம். ஆக, 002 வந்தால் பெயரே கிடைக்கவில்லை, 014 வந்தால் பெயர் கிடைத்தது ஆனால் பொருந்தவில்லை. செய்தி மாறியது ஒரு படி முன்னேற்றம். "அண்ணா, இன்னும் அதே எரர்தான்" என்று மாணவர் வாட்ஸ்அப்பில் சொன்னபோது, படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதே எரர் இல்லை. பிழையைத் தொலைபேசியில் வாய்மொழியாகக் கேட்டு வேலை செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

32 பிட் ஆஃபீஸையே நிறுவிவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அது தவறான வழி அல்ல. பழைய கோப்பில் ஒரு ஏபிஐ அழைப்பு (விண்டோஸின் சொந்த வசதியைக் கூப்பிடும் கோடு) இருந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் ஸ்கேன் படத்தைத் திறக்க எழுதியது. 64 பிட்டில் அந்த டிக்ளேர் வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் கோடு கம்பைல் ஆகாது. 32 பிட்டுக்குத் திரும்பினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாளைக்கு வரும் ஒவ்வொரு புதுக் கணினியிலும் 64 பிட் ஆஃபீஸ்தான் இயல்பாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை நீக்கிவிட்டு 32 பிட் போட வேண்டும் என்று ஒரு சங்கத்தின் தொண்டர்களை நம்பி விட்டுவிட முடியாது. அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு 64 பிட்டிலேயே நிற்பது என்று முடிவெடுத்தோம். இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

64 பிட் டிரைவர் நிறுவும்போது விஷுவல் சி++ கோப்புகள் இல்லை என்று இன்ஸ்டாலர் பாதியில் நின்றது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து அதன் 64 பிட் பதிப்பை முதலில் நிறுவியதும் டிரைவர் ஏறியது.

சர்வர் கதவைத் திறக்கவில்லை

64 பிட் திரையில் சிஸ்டம் டிஎஸ்என் செய்து டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் வந்தது பிழை 1130: இந்த முகவரியிலிருந்து வரும் கணினி சர்வரோடு இணைய அனுமதி இல்லை. இது டிரைவர் பிழையே இல்லை. கோரிக்கை சர்வர்வரை போய், சர்வர் பதில் சொல்லியிருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் பயனர் என்றால் பெயர் மட்டுமல்ல, எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். பழைய கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். மடிக்கணினிக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிட்டது. எல்லா முகவரிக்கும் திறந்துவிடும் சதவிகிதக் குறியை இந்த இடத்தில் போட்டுவிடக் கை துடிக்கும், போடக்கூடாது. அதே சர்வரில் உறுப்பினர்களின் தொலைபேசி எண்களும் இருக்கின்றன, தென்னாப்பிரிக்காவின் போப்பியா சட்டத்தின்படி அவற்றைப் பாதுகாப்பது சங்கத்தின் பொறுப்பு. ரவுட்டரில் மடிக்கணினிக்கு ஒரே முகவரி நிலையாகக் கிடைக்குமாறு ஒதுக்கி, அந்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம்.

இந்த 1130 செய்தியின் படத்தை மாணவர் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தின் முதல் வரியில் இருந்த ஓர் எழுத்து பின்னால் பெரிய விஷயமாக ஆனது. அதற்கு வருகிறேன்.

பாதி டேபிள்கள் மட்டும்

டிஎஸ்என் சோதனை வெற்றி. ஆக்செஸைத் திறந்தால் ஆட்கள் டேபிள் வேலை செய்தது, உறுப்பினர் டேபிளும் வேலை செய்தது. கப்பல் டேபிளும் கிராம டேபிளும் அதே ஐஎம்002.

ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ், ஒரே டிரைவர். இரண்டு டேபிள் மட்டும் ஏன்? இங்கேதான் பலர் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ ஆரம்பிப்பார்கள். அது வீண். டிரைவர் நன்றாக இருக்கிறது என்பதற்கு வேலை செய்யும் டேபிள்களே சாட்சி. வித்தியாசம் இணைப்பில்தான் இருக்க வேண்டும்.

ஆக்செஸில் ஒவ்வொரு இணைப்பு டேபிளும் தன் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (எதன் வழியாக எங்கே இணைவது என்று சொல்லும் வரி) தனித்தனியாக வைத்திருக்கும். இடப்பக்கப் பட்டியலில் டேபிளின் மேல் மவுஸை வைத்தாலே அது சின்னப் பெட்டியில் தெரியும். வைத்துப் பார்த்தோம். ஆட்கள் டேபிளில் டிஎஸ்என் என்ற சொல்லும், சமக்குறியும், டிஎஸ்என்னின் பெயரும். கப்பல் டேபிளில் டிஎஸ்என் என்ற சொல்லே இல்லை. அதற்குப் பதில் டிரைவர் என்று போட்டு, வளைவு அடைப்புக்குள் மைஎஸ்கியூஎல் ஓடிபிசி 5.3 யூனிகோட் டிரைவர் என்று இருந்தது. பின்னால் சர்வர் முகவரி, டேட்டாபேஸ் பெயர், ஆப்ஷன் 16386.

விஷயம் விளங்கிவிட்டது. ஆரம்பத்தில் அமைத்தவர் டிஎஸ்என் வழியாக இணைத்திருக்கிறார். சில ஆண்டு கழித்து வேறொருவர் கப்பல், கிராம டேபிள்களைச் சேர்க்கும்போது டிஎஸ்என் இல்லாமல் நேரடியாக டிரைவர் பெயரைக் கொடுத்து இணைத்திருக்கிறார். இரண்டும் முறையான வழிகள்தான். ஆனால் மைஎஸ்கியூஎல் டிரைவரின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. புதுக் கணினியில் இருப்பது 8.0. டிரைவர் மேனேஜர் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், 5.3-ஐ விடப் புதியது இருக்கிறதே, அதைப் பயன்படுத்துவோம் என்று அது யோசிக்காது. அந்தப் பெயரில் டிரைவர் இல்லை, டிஎஸ்என்னும் இல்லை. ஐஎம்002 சொல்வது சொல்லுக்குச் சொல் அதைத்தான்.

மைஎஸ்கியூஎல்லுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை இது. போஸ்ட்கிரெஸ் டிரைவரில் 64 பிட் பதிப்பின் பெயரோடு எக்ஸ்64 என்று அடைப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்; 32 பிட்டில் அது இருக்காது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டிரைவரில் 17, 18 என்று பெயரிலேயே எண். அதில் 17-லிருந்து 18-க்குப் போனால் இன்னொன்றும் சேரும்: 18 இயல்பாகவே என்க்ரிப்ஷன் கேட்கும், சர்வரின் சான்றிதழ் நம்பகமானது இல்லையென்றால் இணைப்பை மறுத்துவிடும்.

கேள்விக்குறிகள்

கப்பல், கிராம டேபிள்களை மாணவர் புது டிஎஸ்என் வழியாக மறுபடி இணைத்தார். எல்லா டேபிள்களும் திறந்தன. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், காத்திருந்த சீட்டுகளை எடுத்துத் தமிழ்ப் பெயர்களை அடிக்க ஆரம்பித்தார்.

சில நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நான் ஒருத்திதான் இங்கே இருக்கேன். ஆனா வேற யாரோ இந்த ரெக்கார்டை மாத்திட்டாங்கன்னு சொல்லுது."

அவர் சொன்னது ஆக்செஸின் ரைட் கான்ஃப்ளிக்ட் பெட்டி. அலுவலகத்தில் ஒரே ஆள்; வேறு யாரும் மாற்றியிருக்க முடியாது. ஏற்கனவே தமிழ்ப் பெயர் உள்ள ஒரு பதிவில் வயதைத் திருத்தப் போனபோது வந்திருக்கிறது. தமிழ்ப் பெயர் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "கேள்விக்குறியாத்தான் தெரியுது. ஃபாண்ட் இன்னும் போடலைன்னு அந்தப் பையன் சொன்னான்" என்றார்.

ஃபாண்ட் இல்லாவிட்டால் கட்டங்கள் தெரியும். கேள்விக்குறி தெரிந்தால் அது ஃபாண்ட் பிரச்சினை இல்லை. எழுத்து வழியில் எங்கோ மாற்றப்பட்டுவிட்டது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தாலே பல சங்கங்களின் டேட்டா பிழைத்திருக்கும். புதிதாக எதையும் அடிக்க வேண்டாம், ஆக்செஸை மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மாணவர் முன்பு அனுப்பிய படத்தைத் திறந்தேன்.

1130 பிழையின் முதல் வரி: சதுர அடைப்புக்குள் மைஎஸ்கியூஎல், அடுத்த அடைப்புக்குள் ஓடிபிசி 8.0, அதை ஒட்டி வட்ட அடைப்புக்குள் ஏ என்ற எழுத்து, பிறகு டிரைவர். அந்த ஏ என்றால் ஆன்சி. யூனிகோடு டிரைவராக இருந்தால் அந்த இடத்தில் டபிள்யூ இருக்கும்.

மைஎஸ்கியூஎல் ஓடிபிசி 8.0-ஐ நிறுவினால் இரண்டு டிரைவர்கள் சேர்ந்தே வரும்: ஆன்சி, யூனிகோட். டிஎஸ்என் செய்யும்போது பட்டியலில் அகர வரிசைப்படி ஆன்சி மேலே இருக்கும். எது எதற்கு என்று அந்தத் திரையில் ஒரு விளக்கமும் கிடையாது. ஆங்கில டேட்டா மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எதை எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. நமக்கு அதுதான் எல்லாம்.

உள்ளே நடந்தது இது. ஆன்சி டிரைவர் விண்டோஸின் மேற்கத்திய எழுத்துத் தொகுப்பில் பேசுகிறது, சர்வரிடமும் அதையே கேட்கிறது. அந்தத் தொகுப்பில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. சர்வர் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை அனுப்புகிறது. படிக்கும்போது இதனால் சேதம் இல்லை, மூல டேட்டா அப்படியே இருக்கும். எழுதும்போது கதை வேறு. ஆக்செஸ் திரையில் முனுசாமி என்று சரியாகவே அடிக்கிறோம். டிரைவருக்குப் போகும் வழியில் அது கேள்விக்குறிகளாக மாறிச் சர்வரில் அப்படியே பதிகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது.

ரைட் கான்ஃப்ளிக்ட் வந்ததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. டேபிளில் டைம்ஸ்டாம்ப் (கடைசியாக மாறிய நேரம்) நெடுவரிசை இல்லாவிட்டால், ஒரு பதிவைத் திருத்தும்போது ஆக்செஸ் தான் முன்பு படித்த எல்லா மதிப்புகளையும் சர்வரில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லும். அது படித்தது கேள்விக்குறிகள்; சர்வரில் இருப்பது தமிழ். பொருந்தாததால், நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டித் திருத்தத்தை நிறுத்திவிடுகிறது. பழைய தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் தப்பியது இதனால்தான். தமிழ் நெடுவரிசை காலியாக இருந்த பதிவுகளில் இந்தத் தடை இல்லை. ஆன்ட்டி சீட்டுகளைப் பார்த்து அடித்தவை எல்லாம் அந்தக் காலி இடங்கள்தான்.

எது போனது, எது தப்பியது

ஆக்செஸ் வழியாகப் பார்த்தால் உண்மையான தமிழும் கேள்விக்குறி, தொலைந்த தமிழும் கேள்விக்குறி. கண்ணால் பிரிக்க முடியாது. சர்வரிலேயே உட்கார்ந்து, ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டு அந்த நெடுவரிசையின் பைட்டுகளைப் பார்த்தோம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். கேள்விக்குறி என்றால் ஒரே பைட், 3எஃப். முனுசாமி நல்லபடியாக இருந்தால் 24 பைட்டுகள் வரும். கண்ணுக்கு நான்கு எழுத்து. ஆனால் ம, உகரக் குறி, ன, உகரக் குறி, ச, கால், ம, இகரக் குறி என்று யூனிகோடில் எட்டுக் குறியீடுகள். தொலைந்த முனுசாமி எட்டுக் கேள்விக்குறிகள், எட்டு பைட்டுகள். எட்டுக் கேள்விக்குறியிலிருந்து முனுசாமியைத் திரும்ப எடுக்க எந்த வழியும் இல்லை. அது முனுசாமியாகவும் இருக்கலாம், வேறு எட்டுக் குறியீட்டுப் பெயராகவும் இருக்கலாம்.

தொடர்ந்து கேள்விக்குறிகள் உள்ள பதிவுகளை லைக் தேடல் மூலம் சர்வரில் எடுத்துப் பட்டியலிட்டோம். இதை ஆக்செஸுக்குள் செய்யப் போனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆக்செஸின் லைக் தேடலில் கேள்விக்குறி என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள். எல்லாப் பதிவுகளும் வந்துவிடும். சதுர அடைப்புக்குள் போட்டால்தான் அது வெறும் கேள்விக்குறியாகக் கருதப்படும். மைஎஸ்கியூஎல்லில் அந்தத் தொல்லை இல்லை.

காப்புப் பிரதி இதற்கு உதவாது, ஏனென்றால் அந்தப் பெயர்கள் அதில் இருந்ததே இல்லை. உதவியது ஆன்ட்டியின் பழக்கம். அடித்து முடித்த சீட்டையும் அவர் தூக்கி எறிவதில்லை. காலனி எண்ணை மூலையில் எழுதிக் கோப்பில் குத்தி வைத்திருந்தார். ஒரு சீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் நடுங்கிய கையில், "பெருமாள், த. வரதன்" என்று எழுதி, கீழே ஊர்ப் பெயர் ஒருமுறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. எழுதியவர் யோசித்து, நினைவுக்குக் கொண்டுவந்து திருத்தியிருக்கிறார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அந்த ஊர் போனது போனதுதான்.

சரிசெய்த விதம்

டிஎஸ்என்னையே எடுத்துவிட்டோம். ஆக்செஸ் கோப்புக்குள் ஒரே ஒரு வரி கொண்ட உள்ளூர் டேபிள் வைத்து, அதில் முழு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை எழுதினோம்: யூனிகோட் டிரைவரின் பெயர், சர்வர், டேட்டாபேஸ், ஆப்ஷன். கோப்பு திறக்கும்போது ஒரு சின்ன விபிஏ (ஆக்செஸின் உள்நிரல் மொழி) கோடு ஒவ்வொரு இணைப்பு டேபிளின் கனெக்ட் பண்பிலும் அந்த வரியைப் போட்டு ரிஃப்ரெஷ்லிங்க் செய்யும். இனி டிரைவர் மாறினால் திருத்த வேண்டியது ஒரு வரி. பாஸ்வேர்டை அந்த வரியில் வைக்கவில்லை. ஆக்செஸ் அதை மறைக்காமல் சேமிக்கும், கோப்பு யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம். திறக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்தோம்.

ஆப்ஷன் 16386 என்ற எண்ணைத் தூக்கிப்போடவில்லை. அது 2, 16384 என்ற இரண்டின் கூட்டுத்தொகை. 2 என்றால், மாறிய வரிகளின் எண்ணிக்கைக்குப் பதில் பொருந்திய வரிகளின் எண்ணிக்கையைத் திருப்பு. 16384 என்றால், பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்) நெடுவரிசைகளைச் சாதாரண முழு எண்ணாகக் காட்டு. இரண்டும் ஆக்செஸுக்காகவே வைத்தவை. மாணவர் செய்த டிஎஸ்என்னில் இந்த டிக் பெட்டிகள் காலியாக இருந்தன. இப்படிச் சின்ன எண்ணாக ஒளிந்திருக்கும் பழைய அறிவைப் புதுக் கணினிக்கு மாறும்போது முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடு ஓடியதும் ஒரு சோதனையும் செய்யும்: சர்வரில் ஒரு டேபிளில் வைத்த தமிழ்ச் சொல்லைப் படித்து, தன்னிடம் உள்ள குறியீடுகளோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஃபார்ம்களைத் திறக்காமல் நிறுத்திவிடும். இணைந்ததா என்பதோடு, தமிழ் அப்படியே போய்த் திரும்புகிறதா என்பதையும் கணினியே பார்க்க வேண்டும். எந்தத் தொண்டரின் கண்ணையும் இதற்கு நம்பியிருக்கக் கூடாது.

இன்னும் ஒன்று: காற்புள்ளி

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, நன்கொடை ரசீது ஃபார்மில் மட்டும் 3146 வந்தது: ஓடிபிசி அழைப்பு தோல்வி. மறுபடி டிரைவரா என்று எல்லோரும் பயந்தார்கள். 200 ராண்ட் என்றால் பதிகிறது, 250 ராண்ட் 50 சென்ட் என்றால் பதியவில்லை. விண்டோஸில் தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்ற வட்டார அமைப்பில் தசமக் குறி புள்ளி அல்ல, காற்புள்ளி. பழைய கணினியில் யாரோ அதைப் புள்ளியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ரசீது ஃபார்மின் கோடு தொகையை அப்படியே எஸ்கியூஎல் வரியில் ஒட்டியதால் ஒரு மதிப்பு இரண்டாகப் பிரிந்து, நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை என்று சர்வர் மறுத்தது. விபிஏவில் எஸ்டிஆர் ஃபங்ஷன் எந்த வட்டார அமைப்பிலும் புள்ளியையே தரும். அதைப் போட்டதும் சரியானது. வட்டார அமைப்பை மாற்றித் தப்பிக்கவில்லை, ஏனென்றால் அடுத்த கணினியிலும் காற்புள்ளிதான் இருக்கும்.

இந்த இடைவெளியில் அவசரத்துக்கு எக்செலில் கப்பல் பட்டியலை இறக்கிப் பயன்படுத்திய ஒருவர், தேதி வரிசை குழம்புகிறது என்று சொன்னார். எக்செலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. 1860 முதல் 1899 வரை வந்த கப்பல்களின் தேதிகளை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பல கப்பல்கள் அந்தக் காலத்தவை. அந்த எக்செல் நகலிலிருந்து எதையும் திரும்ப டேட்டாபேஸில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அதை அழித்துவிட்டோம்.

இப்போதைய நிலை

கேள்விக்குறியான பதிவுகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டு ஆன்ட்டியும் மாணவரும் சேர்ந்து மறுபடி அடிக்கிறார்கள். ஒருவர் படிக்க மற்றவர் அடிப்பார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்ற அந்தப் பையனுக்கு இப்போது ஆன்சிக்கும் யூனிகோடுக்கும் வித்தியாசம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டு கிடைக்காத சில பதிவுகளுக்கு அந்தக் குடும்பங்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

அடுத்த வேலை சர்வர். மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. 8.4-க்குப் போனால் பழைய பாஸ்வேர்டு முறையான நேட்டிவ் பாஸ்வேர்டு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். இப்போதுள்ள கணக்கு அந்த முறையில் உருவாக்கியது என்பதால் டிரைவர் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்படும். மாற்றுவதற்கு முன் புது முறையில் ஒரு கணக்கை உருவாக்கி, இதே மடிக்கணினியிலிருந்து, இதே தமிழ்ச் சோதனையோடு ஒரு நகல் சர்வரில் ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.